வெங்காயக்காரர் போட்ட பீட்ரூட் பாத்தி

இளையபெருமாளைக் கவலைப்படுத்தாத பயிர் சின்ன வெங்காயம். கவலைப்படுத்தாத விஷயம் என்று பார்த்தாலும் அது ஒன்றுதான். மழை கூடினால் அழுகும், குறைந்தால் சிறுத்துப்போகும், நல்ல விலை வரும் நேரம் பார்த்து, சேமித்துவைக்கும் பட்டறையில் கெட்டுப்போகும். பெரம்பலூர்ப் பக்கத்தில் கெட்டிக்காரர்களையே தூங்கவிடாமல் அடித்த அந்தப் பயிரை அவர் விசில் அடிக்காத குறையாகச் சாகுபடி செய்வார். செட்டிகுளத்துக்குப் பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் அவரிடம் யோசனை கேட்க வருவார்கள். கையில் ஒரு வெங்காயத்தை உருட்டிக்கொண்டே, "ஒண்ணும் ஆவாது, போ" என்று சொல்லி அனுப்புவார். சொன்னபடி ஒன்றும் ஆகாது.

மற்றதற்கெல்லாம் ஏதாவது ஆகிவிடும் என்றுதான் அவர் நினைத்தார். மகன் ஜெயப்பிரகாஷுக்கு அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையில் வேலை. ஷிஃப்ட் முடிந்து பைக்கில் வரும் வழியெல்லாம் சுண்ணாம்புக்கல் லாரிகள். தெருமுனையில் பைக் சத்தம் கேட்கும்வரை இளையபெருமாள் வாசலில் நிற்பார். கேட்டதும், அதற்காகத்தான் நின்றோம் என்று தெரிந்துவிடக் கூடாதே என்று ஆட்டுக்குத் தழை போடப் போய்விடுவார். ஆடு ஏற்கெனவே தின்று முடித்திருக்கும். ஆனாலும் வேண்டாமென்று சொல்லாது.

"இந்த மனுசன் கவலப்படலன்னாதான் எனக்குக் கவலையா இருக்கும்" என்பாள் அவர் மனைவி சின்னப்பிள்ளை.

ஆண்டிமடத்திலிருந்து ஜெயசுதா மருமகளாக வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அந்த ஒன்றரை வருஷத்தில் மாமனாரும் மருமகளும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. சண்டை ஒன்றுமில்லை, மரியாதைதான். அந்த வீட்டு வழக்கம் அப்படி. "சாப்புட்டுச்சான்னு கேளு" என்று அவர் மனைவியிடம் சொல்வார். "சாப்பிட்டாச்சுன்னு சொல்லுங்க அத்தை" என்று கதவுக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வரும். நடுவில் நிற்கும் சின்னப்பிள்ளை இரண்டு பேருக்கும் எதையும் சொல்ல மாட்டாள். இருவருக்கும்தான் காது கேட்கிறதே! இத்தனைக்கும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மூன்று பேரும் இருந்தார்கள். அவர் அனுப்பும் வெங்காயப் படங்களுக்கு ஜெயசுதாவிடமிருந்து தவறாமல் கும்பிடும் கைகள் வரும். வழக்கம் ஏற்பட்ட காலத்தில் வாட்ஸ்அப் இல்லாததால் அதைப் பற்றி வழக்கம் ஒன்றும் சொல்லவில்லை.

ஜெயசுதா உண்டாகியிருந்தாள். ஐந்தாம் மாதம், ஐப்பசியில், கிராமத்து நர்ஸ் வீட்டுக்கு வந்து விரலில் குத்திப் பார்த்தார். இளையபெருமாள் வெங்காயப் பட்டறைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"ரத்தம் எட்டுதான் இருக்கு. கர்ப்பத்துல இது பத்தாதும்மா. இப்படியே போனா உங்க பக்கத்து ஆஸ்பத்திரியில வச்சுக்க மாட்டாங்க, திருச்சிக்கு அனுப்பிடுவாங்க. ரத்தம் ஏத்துற மாதிரி வந்துரும். இந்தா, இரும்புச்சத்து மாத்திர. ஒருநாளும் விடாம போடணும். முருங்கக்கீரை, பேரீச்சம்பழம், முட்டை, பீட்ரூட்டு, எல்லாம் சாப்புடணும்."

திருச்சி இளையபெருமாளுக்குப் புதிதில்லை. வெங்காய மூட்டைகளோடு போய், கமிஷன் மண்டியில் சத்தம் போட்டுவிட்டு, பரோட்டா சாப்பிட்டுத் திரும்புகிற ஊர்தான். ஆனால் பிரசவத்துக்கு ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு போகிற திருச்சி வேறு ஊர். அவருடைய அக்காவை அப்படித்தான் ஒரு லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். முதல் பிரசவம், ரத்தப்போக்கு நிற்கவில்லை. பாடாலூர் தாண்டியதும் லாரியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்கள். அப்போது அவர் பள்ளிக்கூடத்துப் பையன். இவ்வளவு சீக்கிரம் திரும்பிவிட்டார்களே என்று முதலில் சந்தோஷப்பட்டவர் அவர். அந்தச் சந்தோஷத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

நர்ஸ் சொன்னவற்றை மனதுக்குள் வரிசையாக வைத்துப் பார்த்தார். முருங்கைக்கீரை பச்சை. பேரீச்சம்பழம் கறுப்பு. முட்டை வெள்ளை. ரத்தத்தின் நிறத்தில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். மாத்திரையைப் பற்றி அவர் யோசிக்கவில்லை. அது பெண்கள் விஷயம், அதை விசாரிக்க அவருக்கு வழியில்லை. பீட்ரூட் மண் விஷயம்.

சந்தையில் வாங்கலாம்தான். ஆனால் சந்தைக் காயை அவர் நம்பவில்லை. சந்தைக்குப் போகும் வெங்காயத்துக்கு என்னென்ன மருந்து அடிக்கிறோம் என்பது அவருக்கல்லவா தெரியும்.

மறுநாளே பெரம்பலூருக்குப் பஸ் ஏறினார். லப்பைக்குடிக்காட்டு மீரான் அங்கே விதை, மருந்துக் கடை வைத்திருந்தார். மகன்கள் இருவரும் துபாயில். கடையை மூடிவிட்டு வரச்சொல்லி அவர்கள் கூப்பிடக் கூப்பிட, புதிதாக ஓர் அலமாரி வாங்கிப் போடுகிறவர்.

"வாங்கண்ணே. வெங்காயத்துக்கு என்ன, கோழிக்கால் நோயா?"

"வெங்காயத்துக்கு ஒண்ணும் ஆவாது பாய். பீட்ரூட்டு வெத இருக்கா?"

மீரான் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "எத்தன ஏக்கருக்கு?"

"வூட்டுக்குப் பின்னாடி. ஒரு பாத்தி."

"யா அல்லா! வெங்காயக்காரரு வீட்டுத்தோட்டத்துல எறங்கிட்டாரா? நாளைக்கு மாடியில ரோஜாச்செடி வைக்க வருவீங்கபோல."

"மருமவளுக்கு ரத்தம் கம்மின்னு சொல்லிட்டாங்க பாய்."

மீரான் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "அல்லா லேசாக்கி வைப்பான்ணே, பயப்படாதீங்க." பாக்கெட்டைப் பிரித்து இரண்டு விதையை உள்ளங்கையில் போட்டுக் காட்டினார். "சொரசொரன்னு இருக்கு பாருங்க. பாக்கத்தான் ஒண்ணு, உள்ள ரெண்டு மூணு வெத இருக்கும். மொளச்சதும் ஒண்ண விட்டுட்டு மத்தத…"

"ஏன் பாய், எனக்கே வெவசாயம் சொல்லித் தரீங்களா?" என்று சிரித்தபடி இளையபெருமாள் பாக்கெட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவர் பயப்பட்டிருக்க வேண்டிய இடம் அது. அங்கே மட்டும் தைரியமாக இருந்துவிட்டார்.

கொல்லையில், துணி துவைக்கும் கல்லுக்கு அப்பால் பாத்தி கட்டினார். கரிசல் மண் இறுகும் என்று செம்மண் கொண்டுவந்து கலந்தார். மக்கிய எரு போட்டு, கட்டி உடைத்து, சல்லடையில் சலித்தார். வெங்காயத்துக்குக்கூட அவர் அப்படிச் சலித்ததில்லை. விதை முளைத்தபோது ஒவ்வோர் இடத்திலும் மூன்று, நான்கு தளிர்கள் சிவப்புத் தண்டோடு ஒட்டிக்கொண்டு நின்றன. அவருக்கு மனம் நிறைந்துவிட்டது. சின்ன வெங்காயத்தில் ஒன்றை ஊன்றினால் அது கொத்தாகக் கிளைக்க வேண்டும். கிளைத்தால்தான் விளைச்சல். கிளைக்காத வெங்காயத்தை அவர் மனிதரில் கஞ்சனைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். இந்தப் பீட்ரூட் முளைக்கும்போதே கிளைத்துவிட்டதே! படம் எடுத்துக் குழுவில் போட்டார்: "ஒன்னுக்கு மூனு". கும்பிடும் கைகள் வந்தன.

கார்த்திகை மழையில் இலைகள் தழைத்தன. பாத்தியே தெரியாத அளவுக்குக் கரும்பச்சை இலையும் அதில் ஓடும் சிவப்பு நரம்பும். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. இளையபெருமாள் மட்டும் தூங்கவில்லை. விடிந்ததும் போய் ஒரு செடியின் அடியில் விரலால் மண்ணைக் கீறிப் பார்ப்பார். ஒன்றும் தட்டுப்படாது. இன்னும் ஆழத்தில் இருக்கும் என்று மூடிவிடுவார். மத்தியானம் இன்னொரு செடி. மருமகளின் முகம் வெளுப்பாகத் தெரிந்த நாட்களில் மூன்று செடி.

மார்கழி பிறந்தது. மீரான் சொன்ன கணக்குப்படி கிழங்கு எடுக்கும் பருவம் நெருங்கிவிட்டது. இளையபெருமாள் தண்ணீரை நிறுத்தினார். வெங்காயத்துக்கு அப்படித்தான், முற்றியதும் தண்ணீரை நிறுத்தினால் தாள் மஞ்சளாகித் தரையில் சாயும். சாய்ந்ததும் பிடுங்க வேண்டும்.

"கெழங்கு எப்ப வரும்னு ஊரே கேக்குது" என்றாள் சின்னப்பிள்ளை. "நீங்க என்னடான்னா அதுக்கு வளைகாப்பு நடத்துற மாதிரி சுத்திச் சுத்தி வரீங்க. புடுங்க வேண்டியதுதானே?"

"எல சாயலியே."

"அது என்ன வெங்காயமா, சாயறதுக்கு?"

"மண்ணுக்குள்ள வெளையுற எல்லாத்துக்கும் ஒரே கணக்குதான். பச்சையில புடுங்கிட்டா சத்து எறங்கியிருக்காது. அந்தப் புள்ளைக்குச் சத்தில்லாதத குடுத்து என்னாத்துக்கு?"

தை பிறந்ததும் மறுபடி ரத்தம் பார்ப்பதாக நர்ஸ் சொல்லியிருந்தார். மாசியில் வளைகாப்பு. அது முடிந்தால் ஜெயசுதாவை ஆண்டிமடத்துக்கு, தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். அதற்குள் அவள் உடம்பில் ரத்தம் ஊற வேண்டும். இலையோ சாய்கிற வழியாக இல்லை. அவர் அதை முறைத்துப் பார்ப்பார். அது காற்றில் ஆடும்.

அப்போதுதான் இலைகள் குறைவதைக் கவனித்தார். வெளிவட்டத்து இலைகளை யாரோ எடுக்கிறார்கள். மயில் என்று நினைத்தார். அந்தப் பக்கத்தில் மயில் விடாத பயிர் கிடையாது. பழைய சேலையைச் சுற்றிக் கட்டினார். அப்படியும் குறைந்தது. குனிந்து பார்த்தால் கொத்திய மாதிரி இல்லை, நகத்தால் கிள்ளிய மாதிரி இருந்தது. பூமிக்குள் சத்து இறங்கும் நேரத்தில் இலையைக் கிள்ளுகிறவன் எவன்? ஒருநாள் சின்னப்பிள்ளை களை எடுக்கப் போனதும், தானும் வயலுக்குப் போவதுபோல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பி, சுற்றி வந்து பட்டறைக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

வெயில் ஏறியதும் வந்தது ஜெயசுதா. நைட்டிக்கு மேல் துண்டு போட்டிருந்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குந்தினாள். வெளி இலைகளாகப் பார்த்து ஒரு கிண்ணம் நிறையக் கிள்ளினாள். அவருக்கு ஒரு பக்கம் நிம்மதி, வீட்டு ஆள்தான். எழுந்து சத்தமில்லாமல் போய்விடலாம் என்று நினைத்தபோது, அவள் துண்டின் முனையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தாள். ஒரு மாத்திரையைப் பிதுக்கி, விரலால் மண்ணில் குழி பறித்து, அதில் போட்டு மூடி, மேலே இரண்டு தட்டுத் தட்டினாள். விதை ஊன்றுகிறவளின் பக்குவம் அந்தக் கையில் இருந்தது.

இளையபெருமாள் எழுந்து நின்றுவிட்டார்.

அவளும் எழுந்தாள். துண்டை இழுத்துச் சரிசெய்தாள். இரண்டு பேருக்கும் நடுவே பாத்தி. பேசித் தர சின்னப்பிள்ளை இல்லை. முளைக்குச்சியில் கட்டியிருந்த ஆடு ஒன்றுதான் அங்கே பொறுப்பான ஆளாக இருந்தது.

ஜெயசுதா ஆட்டைப் பார்த்துச் சொன்னாள்: "கூட்டு வைக்கத்தான் ரெண்டு எல எடுத்தேன்."

இளையபெருமாளும் ஆட்டைப் பார்த்தார். "எல போனா போவுது. மண்ணுல என்னத்தப் பொதச்சாங்கன்னு கேளு."

ஆடு கேட்கவில்லை.

"மாத்திரதான்" என்றாள். "நர்ஸம்மா குடுத்த மாத்திர."

"அது ஏன் மண்ணுக்குப் போவுது?"

"முழுங்குனா வயித்தப் பெரட்டுது. சாப்புட்டதெல்லாம் வெளியில வந்துருது. ஒருநாள் விட்டேன். அப்புறம் ரெண்டு நாள் விட்டேன். அப்புறம் அப்படியே…" குரல் இறங்கியது. "தூக்கிப் போட மனசு வரல. இரும்புச்சத்து இருக்குல்ல அதுல. செடிக்குப் போட்டா கெழங்குல ஏறிரும். கெழங்கு எப்படியும் எனக்குத்தானே வரப்போவுதுன்னு…"

இளையபெருமாள் இதில் ஒரு தப்புக் கண்டுபிடிக்கப் பார்த்தார். முடியவில்லை. மண்ணுக்குப் போட்டது பயிரில் வரும், பயிரில் வந்தது மனிதனுக்கு வரும். அவர் வாழ்நாள் முழுக்கப் பிழைத்ததே அந்தக் கணக்கில்தான். அதுதான் அவரைக் கலக்கியது.

"எத்தன நாளா?"

"கார்த்திகையிலேருந்து. நர்ஸம்மா கேட்டப்ப போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்னு சொல்லிட்டேன். மாமா இவ்வளவு பாடுபடுறாங்க, கெழங்கு வந்தா எல்லாம் சரியாயிரும்னு இருந்துட்டேன்."

மாமா என்று ஆட்டிடம் சொன்னாள். மாமா குனிந்து ஒரு செடியைப் பிடித்து இழுத்தார். ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நான்கு வேர்கள் வந்தன, எலிவால்போல. அடுத்ததை இழுத்தார். எலிவால். இன்னொன்று விரல் தடிமனில் இருந்தது. உடைத்துப் பார்த்தால் நார். மீரான் சொல்ல வந்த வாக்கியத்தின் மிச்சம் இப்போது அவருக்கு விளங்கியது. ஒன்றை விட்டுவிட்டு மற்றதைப் பிடுங்க வேண்டும். இடம் கொடுத்தால்தான் அது உருளும். இந்தப் பாத்தியில் கிழங்கே இல்லை, தையிலும் வரப்போவதில்லை. இல்லாத கிழங்கை நம்பி இந்தப் பெண் இத்தனை நாள் மாத்திரையை விட்டிருக்கிறாள். நம்பவைத்தவர் அவர்.

துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டார். பாடாலூர் ரோடு, சீக்கிரம் திரும்பிய லாரி. பிறகு ஆட்டை விட்டுவிட்டு மருமகளின் முகத்தைப் பார்த்தார். கண் ஓரமெல்லாம் வெளுத்திருந்தது.

"ஏம்மா, செருப்ப மாட்டு. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

ஜெயசுதா ஆட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "அத்தை வந்துரட்டுமே மாமா."

"அத்தைக்கு போன்ல சொல்லிக்கலாம். சேலை மாத்தணும்னா மாத்திக்க. நான் ஆட்டோ கூட்டியாரேன்."

ஆட்டோவில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னாலேயே, "மெதுவா, மெதுவா" என்றார்.

"பெரியப்பா, இதுக்கு மேல மெதுவாப் போனா வண்டி பின்னால போவும்" என்றான் டிரைவர்.

சுகாதார நிலையத்தில் அதே நர்ஸ் இருந்தார். விரலில் குத்திப் பார்த்தார். "ஏழே கால். எறங்கியிருக்கு. மாத்திர போடுறியா இல்லியா? உண்மையச் சொல்லு."

ஜெயசுதா சொன்னாள். பாத்தியில் ஊன்றியதையும் சொன்னாள். நர்ஸ் வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார்.

"எம்புட்டு வருஷமா வேலை பாக்குறேன். சாக்கடையில போட்டவங்களப் பாத்திருக்கேன், பரண் மேல தூக்கிப் போட்டவங்களப் பாத்திருக்கேன். பீட்ரூட்டுக்கு ரத்தசோகைன்னு வைத்தியம் பண்ணவ நீதான். ஒத்துக்கலன்னா வாயத் தொறந்து சொல்ல வேண்டாமா? மாத்திர ஒண்ணுதானா இருக்கு? டிரிப்ஸ்ல ஏத்துற மருந்து இருக்கு, இங்கேயே போடுறோம். நாள் விட்டு நாள் வா."

"அந்தப் புள்ளைய ஏசாதீங்க. பாத்தி போட்டது நான்தான்" என்றார் இளையபெருமாள்.

"பாத்தி போட்டதுல ஒண்ணும் தப்பில்லீங்க பெரியவரே. அது கொழம்புக்கு, இது மருந்துக்கு. எலய சமைச்சுச் சாப்புட்டேன்னு சொல்லுதுல்ல, அது நல்லதுதான். கெழங்க விட எலயிலதான் இந்தச் சத்து அதிகம்."

எந்த இலை சாய வேண்டும் என்று இத்தனை நாள் காவல் இருந்தாரோ அந்த இலை.

மறுநாள் முதல் பாட்டில் ஏற்றினார்கள். மருந்து சிவப்பாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கருப்பட்டித் தண்ணீர்போல் இருந்தது. அது வேறு அவருக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது. "இதுதானாம்மா?" என்று நர்ஸைக் கேட்டார். சொட்டு வேகமாக விழுந்தால் பயம், நின்று விழுந்தால் அதைவிடப் பயம். ஒவ்வொரு தடவையும் அவர்தான் கூட்டிப்போனார். மகன் லீவு போடுகிறேன் என்றபோது, "லாரி போற ரோட்டுல நீ வேற அவசரமா வரணுமா?" என்று மறுத்தார். ஆண்டிமடத்திலிருந்து சம்பந்தி, பெண்ணை முன்கூட்டியே அழைத்துப்போகவா என்று கேட்டபோது ஜெயசுதாவே போனை வாங்கி, "ஊசி முடியட்டும்ப்பா, மாமா பாத்துக்கிறாங்க" என்று சொல்லிவிட்டாள். பக்கத்து அறையில் இருந்த இளையபெருமாளுக்கு அது கேட்டது. அன்றைக்கு முழுக்க அந்த வாக்கியம் அவருக்கு ஒரு மூட்டைபோல் முதுகில் கனத்தது.

வீட்டில் சின்னப்பிள்ளைக்குத்தான் வேலை போய்விட்டது. "எங்கிட்ட சொல்லி வுட்டதெல்லாம் இப்ப நேரா நடக்குது. நான் எதுக்கு நடுவுல, தூண் மாதிரி?" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய் மருமகளுக்கு முருங்கைக்கீரை ஆய உட்கார்ந்தாள்.

தை கடைசியில் மறுபடி குத்திப் பார்த்தார்கள். முடிவு வரும்வரை இளையபெருமாள் வராந்தாவில் உட்காரவில்லை. சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையை மேலிருந்து கீழாகவும், பிறகு கீழிருந்து மேலாகவும் படித்தார். பிறக்காத பிள்ளைக்கு எந்த ஊசி எப்போது என்பது மனப்பாடம் ஆனபோது நர்ஸ் வெளியே வந்தார்.

"ஒம்பதே முக்கால்."

"பத்து இல்லியா?"

"ஏறும்ங்க. இனிமே மாத்திரையும் ஒத்துக்குது, சாப்பாட்டுக்கு அப்புறம் போடச் சொல்லியிருக்கேன். திருச்சியெல்லாம் வேணாம். அவங்க அம்மா வீட்டுக்கு அனுப்புங்க, ஜெயங்கொண்டம் ஆஸ்பத்திரியிலயே பாத்துக்கலாம்."

இந்த வார்த்தைக்காகத்தான் ஐப்பசியிலிருந்து காத்திருந்தார். வந்தபிறகுதான் அதில் இருந்த இன்னொன்று தெரிந்தது. உடம்பு தேறாமல் இருந்தால் அவள் அவர் கண்முன் இருப்பாள். தேறிவிட்டாள், அதனால் போகிறாள். ஆண்டிமடம் இருப்பது பக்கத்து மாவட்டத்தின் அந்தக் கோடியில். அங்கே மாத்திரை வாய்க்குப் போகிறதா என்று எந்தப் பட்டறைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்ப்பது? வாசலில் நின்று எந்தச் சத்தத்துக்குக் காதை வைத்திருப்பது?

சிரிக்க வேண்டிய நேரத்தில் மனிதர் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பதை ஜெயசுதா பார்த்தாள். ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு படியில் இறங்கி, அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மாமா, நான் அங்கேருந்து தினமும் மாத்திர போட்டுட்டு போன் பண்றேன்."

"அத்தைக்கா?"

"ஒங்களுக்குத்தான்."

இளையபெருமாள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்த போன் வரப்போகிற ஒவ்வொரு நாளும், அது கொஞ்சம் தாமதமாக வரப்போகிற நாளும் அவர் கண்முன் வந்து நின்றன.

"எத்தன மணிக்கு?" என்று கேட்டார்.